உண்ணிக்குக் குளியல் மருந்தாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை வெயில் தலைகாட்டியதும் வீட்டு நாய்களைப் பராமரிப்பது பற்றிய குறிப்புகள் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடும். ‘கோடையில் நாயை அடிக்கடி குளிப்பாட்டுங்கள்’, ‘உண்ணி இருந்தால் மருந்து கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுங்கள்’ என்ற இரண்டு வரிகள் அவற்றில் தவறாமல் இருக்கும். அக்கறையோடு எழுதப்படுபவைதான். ஆனால் இந்த இரண்டு வரிகளை நம்பி நாய் வளர்ப்போர் செய்யும் காரியங்களால் கோடை முழுக்க நாய்களின் தோல் படும் பாடு சொல்லி மாளாது. தோல் உரிந்து, சொறிந்து சொறிந்து புண்ணாகி, கடைசியில் கால்நடை மருத்துவரிடம் வரும் நாய்களில் பலவற்றுக்குக் குளியலே நோயாகிவிட்டிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தோலைப் பற்றி. மனிதத் தோலின் மேலடுக்கில் 10 முதல் 15 வரிசை உயிரணுக்கள் உண்டு. நாய்க்கு 3 முதல் 5 வரிசைதான். அந்த மெல்லிய தோலைக் காப்பது அடர்ந்த முடியும், மயிர்க்கால்களில் ஊறும் எண்ணெய்ப்பசையும். நம் தோல் சற்றே அமிலத்தன்மை கொண்டது. கார அமில அளவுகோலில் சுமார் 5.5. நாயின் தோல் 7-ஐ ஒட்டி நடுநிலையில் இருக்கும். நாம் குளிக்கும் கட்டி சோப்போ 9, 10 என்று காரமாக இருக்கிறது. துணி சோப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இவற்றைப் போட்டுத் தேய்த்தால் எண்ணெய்ப்பசை மொத்தமாக வழித்துக்கொண்டு போய்விடும். தோல் வறளும், பொடுகு உதிரும், அரிப்பெடுக்கும். நாய் சொறிவதைப் பார்த்து ‘அழுக்கு போகவில்லை’ என்று அடுத்த வாரமும் அதே சோப்பைப் போடுவார்கள். இந்தச் சுழலில்தான் பல வீடுகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

நமக்கு வியர்ப்பதுபோல் நாய்க்கு உடம்பெங்கும் வியர்ப்பதில்லை. உள்ளங்கால் மெத்தையில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. ஆகவே வியர்வையைக் கழுவ வேண்டும் என்ற கணக்கு நாய்க்குப் பொருந்தாது. வெயிலில் அதற்கு இதம் தர வேண்டுமென்றால் சோப்பே தேவையில்லை. வயிறு, தொடை இடுக்கு, பாதம் ஆகிய முடி குறைந்த இடங்களைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து மின்விசிறிக்கு அடியில் விட்டால் போதும். இதை ஒரு நாளில் இரண்டு முறைகூடச் செய்யலாம். ஈரத்துணியை முதுகில் போர்த்திவிட்டுப் போவது மட்டும் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் துணி சூடேறி, உள்ளே இருக்கும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் போகும்.

அப்படியானால் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஷாம்பூ? ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, நாட்டு நாய் போன்ற குட்டை முடி நாய்களுக்கு ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை போதும். இடையில் ரப்பர் முள் வைத்த கையுறையால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தாலே உடம்பு பளபளக்கும். லாப்ரடாருக்கு மாதம் ஒருமுறை. ஷிட்சு போல முடி வளர்ந்துகொண்டே இருக்கும் நாய்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. சேற்றில் புரண்டு வந்தால் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் சேறுக்கு வெறும் தண்ணீரே போதும். எட்டு வாரம் ஆகாத குட்டியைக் குளிப்பாட்டவே கூடாது. அதன் உடம்பு சூட்டைத் தக்கவைக்கத் தெரியாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடைத்து உடனே காயவைத்துவிடுங்கள். காய்ச்சலாகவோ சோர்வாகவோ இருக்கும் நாய்க்கும், வயிறு நிறையச் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகாத நாய்க்கும் குளியலைத் தள்ளிப்போட வேண்டும்.

குளித்து இரண்டே நாளில் மறுபடி நாறுகிறது என்றால் குற்றம் குளியலில் இல்லை. காதைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லில் காரை இருக்கிறதா என்று பாருங்கள். மீன் கவிச்சி போன்ற வாடை பின்புறத்திலிருந்து வந்து, நாய் ஆசனவாயைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்ந்தால், அங்கே இருபுறமும் உள்ள சுரப்பிப் பைகள் அடைத்திருக்கின்றன. அதை வீட்டில் பிதுக்கிப் பார்க்க வேண்டாம். பை கிழிந்தால் சீழ் பிடிக்கும். தோலே பிசுபிசுப்பாக, புளித்த வாடையோடு, அக்குளும் கழுத்தின் அடிப்புறமும் கருத்துத் தடித்திருந்தால் அது மலசீசியா என்ற பூஞ்சை. எண்ணெய்ப்பசையிலும் ஈரத்திலும் செழிப்பது அது. முடி மினுங்குவதற்காகத் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தால் அதற்குத் தீனி போட்டது மாதிரிதான். நாய் அந்த எண்ணெயை நக்கி வயிற்றுப்போக்கு வருவது வேறு.

எதைப் போட்டுக் குளிப்பாட்டுவது என்பதற்கு நாய்களுக்கென்று விற்கும், வாசனை குறைந்த சாதாரண ஷாம்பூ என்பதே பதில். அவசரத்துக்கு ஒருமுறை குழந்தைகளுக்கான ஷாம்பூ பாதகமில்லை. சீயக்காயும் அரப்பும் நம் தலைக்கு நல்லவை. நாயின் அடர்ந்த அடிமுடியில் அவற்றின் தூள் எத்தனை வாளி ஊற்றினாலும் முழுதாகப் போகாது. கண்ணில் விழுந்தால் சிவந்து வீங்கிவிடும். கடலை மாவுக்கும் இதே கதி. வேப்பிலை போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் கடைசியில் ஊற்றுவதில் தீங்கில்லை, ஆனால் அதனால் உண்ணி சாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிருமிநாசினித் திரவத்தை வாளியில் ஊற்றும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும். நாய் தன் உடம்பை நக்கும் பிராணி என்பதை ஒவ்வொரு புட்டியைத் திறக்கும்போதும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் படுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது சீவுவது. நீள முடி நாய்களின் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் தொடையின் பின்புறத்திலும் சிக்கு விழும். நனைந்தால் அந்தச் சிக்கு கம்பளிபோல் இறுகிவிடும். பிறகு சீப்பு நுழையாது, உள்ளே இருக்கும் ஈரமும் காயாது. சிக்கில் கொஞ்சம் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) தூவி, முடியின் வேரை விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து வேரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்க வேண்டும். வேரைப் பிடிக்காமல் இழுத்தால் வலி நேராகத் தோலில் இறங்கும். அடுத்த முறை சீப்பைப் பார்த்ததுமே நாய் கட்டிலுக்கு அடியில் போய்விடும். பிரியாத சிக்கை வெட்டத்தான் வேண்டுமென்றால், சிக்குக்கும் தோலுக்கும் நடுவே ஒரு சீப்பைச் செருகி, அந்தச் சீப்புக்கு மேலே கத்தரியுங்கள். சிக்கோடு தோலும் கூடாரம்போல் எழும்பி நிற்பதால், சீப்பில்லாமல் வெட்டும் கத்தரிக்கோல் தோலையும் சேர்த்து நறுக்கிவிடும்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன், ஹஸ்கி ஆகியவற்றுக்கு மேல்முடி, அடிமுடி என்று இரண்டு அடுக்கு. வெயிலுக்காக இவற்றை மழிக்கச் சொல்லும் யோசனை தவறு. மேல்முடி வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் தோல் வெயிலில் கன்றும். சில நாய்களுக்கு, முக்கியமாகப் பொமரேனியனுக்கும் ஹஸ்கிக்கும், மாதக்கணக்கில் முடி திரும்ப வராது. உதிர்ந்து சிக்கியிருக்கும் அடிமுடியை அதற்கான அகலப்பல் சீப்பால் வாரி எடுத்தாலே உள்ளே காற்று போகும். வெள்ளை ராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கும் காது நுனியும் மழிக்காமலேயே வெயிலில் கன்றக்கூடியவை. குளித்த ஈரத்தோடு அதை நடுப்பகல் வெயிலில் கட்டிப்போட வேண்டாம்.

நேரம் என்று கேட்டால் காலை எட்டிலிருந்து பத்துக்குள். வெயிலும் இருக்கும், சுடவும் சுடாது, உலரப் பகல் முழுக்க மிச்சமிருக்கும். மாலையில் குளிப்பாட்டினால் இரவெல்லாம் ஈரத்தோடு படுக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏப்ரல், மே மாத மதியத்தில் மொட்டைமாடிக் கருப்புத் தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் நம் கையையே சுடும். வெயிலில் கிடந்த ரப்பர் குழாய்க்குள் தேங்கிய தண்ணீர் அதைவிட மோசம். நேராக முதுகில் பீய்ச்சி வெந்துபோன நாய்கள் உண்டு. குழாயில் முதலில் வருவதைத் தரையில் விட்டு, முழங்கையின் உட்புறத்தில் ஊற்றிப் பார்த்து, வெதுவெதுப்பும் குளிர்ச்சியும் தெரியாத அளவில் இருந்தால் தொடங்குங்கள். மழைக்காலத்திலும் மார்கழியிலும் கொஞ்சம் வெந்நீர் கலக்க வேண்டும். மிகக் குளிர்ந்த நீரில் குளித்த லாப்ரடார்களுக்கு மறுநாள் வால் செத்ததுபோல் தொங்கிவிடுவதுண்டு. வாலின் அடித்தசை வீங்கி வலிப்பதால் வருவது அது. சில நாளில் சரியாகிவிடும், ஆனால் நாய்க்கு உட்காரவே வலிக்கும்.

குளியலறைத் தரையில் நனைத்த சாக்கு ஒன்றை விரித்துவிடுங்கள். டைல்ஸில் கால் வழுக்குவதுதான் பாதி நாய்களின் பயத்துக்குக் காரணம். நகத்துக்குப் பிடிப்புக் கிடைத்தால் நாயின் நடுக்கம் குறைவது கண்கூடாகத் தெரியும். தோல் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு நைலான் பட்டை போட்டு, ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் குளிப்பாட்டலாம். குழாயிலோ ஜன்னல் கம்பியிலோ குட்டையாகக் கட்டிவிட்டுச் செய்யக் கூடாது. வழுக்கினால் கழுத்து இறுகும். பிடிப்பவர் கையில் அவித்த முட்டைத் துண்டுகள் இருக்கட்டும். காதுக்குள் தண்ணீர் புகாதபடி நெல்லிக்காய் அளவு பஞ்சு உருண்டை ஒன்றைக் காதின் வாயில் வையுங்கள், உள்ளே திணிக்காதீர்கள். குளித்து முடிந்ததும் அதை எடுக்க மறக்கவும் கூடாது.

ஷாம்பூவை நேராக முதுகில் ஊற்றுவது வீண். ஊற்றிய இடத்திலேயே கெட்டியாக நின்று, அந்த இடம் மட்டும் வறண்டு போகும். ஒரு பங்கு ஷாம்பூவுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் என்று ஒரு பாட்டிலில் கலந்து குலுக்கிக்கொள்ளுங்கள். முப்பது கிலோ லாப்ரடாருக்கு 30 மில்லி ஷாம்பூவும் 300 மில்லி தண்ணீரும் தாராளம். ஆறு கிலோ நாய்க்கு 10 மில்லி போதும். முதலில் தோல்வரை நனைய வேண்டும். அடர்ந்த முடியில் மூன்று நிமிடமாவது ஊற்றினால்தான் நனையும். நுரையைக் கழுத்தில் ஒரு வளையம்போல் முதலில் போட்டுவிடுங்கள். தண்ணீர் பட்டதும் தெள்ளுப்பூச்சிகள் தலையை நோக்கி ஓடும். கழுத்து நுரை அவற்றுக்கு வேலி. பிறகு முதுகு, விலா, வயிறு, கால், விரலிடுக்கு, வாலடி. விரல் நுனியால் முடி போகும் திசையில் தேய்த்தால் போதும், நகத்தால் வேண்டாம். முகத்துக்கு ஷாம்பூ தேவையே இல்லை. ஈரத்துணியால் கண்ணிலிருந்து வெளிப்புறமாகத் துடைத்து, பக் போன்ற நாய்களுக்கு முக மடிப்பையும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள்.

எல்லாரும் கோட்டை விடுவது அலசுவதில்தான். தேய்க்கப் பத்து நிமிடம், அலச இரண்டு நிமிடம் என்றே நடக்கிறது. உண்மையில் தேய்த்த நேரத்தைப்போல் இரண்டு பங்கு நேரம் அலச வேண்டும். அதுவும் நம் ஊர்களில் பாதிக்கு மேல் போர்வெல் உப்புத் தண்ணீர். அதில் ஷாம்பூ நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் ஊற்றுவார்கள். கடின நீரில் அது முடியோடு ஒட்டி வெள்ளைப் படலமாகத் தங்கும். நாய் உலர்ந்த பிறகு பொடுகுபோல் உதிர்வதும், அக்குளையும் தொடை இடுக்கையும் விடாமல் நக்குவதும் பல நேரம் இந்த மிச்சத்தால்தான். போர்வெல் தண்ணீரிலேயே குளிப்பாட்டுங்கள், தடையில்லை. கடைசி அலசலுக்கு மட்டும் இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்குங்கள். ஒரு பிடி முடியைக் கையில் பிழிந்து பாருங்கள். வடியும் தண்ணீர் தெளிவாக இருந்து, விரல் வழுக்காமல் கிறீச்சிட்டால் அலசியது போதும். அக்குள், தொடை இடுக்கு, கழுத்தடி, விரலிடுக்கு ஆகிய நான்கு இடங்களிலும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்.

துவட்டுவதும் அதே அளவு முக்கியம். துண்டால் பரபரவென்று தேய்த்தால் நீள முடி மறுபடி சிக்காகும். அழுத்தி ஒற்றி எடுங்கள். பெரிய நாய்க்கு இரண்டு துண்டாவது வேண்டும். ஹேர் டிரையர் என்றால் குளிர்காற்றிலோ இளஞ்சூட்டிலோ, ஓர் அடி தள்ளிப் பிடித்து, காற்று விழும் இடத்தில் உங்கள் இன்னொரு கையை வைத்துக்கொண்டே ஆட்டியபடி காட்டுங்கள். உங்கள் கை பொறுக்காத சூட்டை அதன் தோலும் பொறுக்காது. டிரையர் இல்லையென்றால் மின்விசிறியும் இளவெயிலும் போதும், ஆனால் லாப்ரடாரின் அடிமுடி உலர இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல்தான் இருக்கும். பிடரியிலும் வாலடியிலும் முடியை விரலால் வகிடுபோல் பிரித்துத் தோலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

அந்த ஈரம் தங்கினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு: காலையில் ஒரு ரூபாய்க் காசு அளவில் சிவந்த இடம், மாலைக்குள் உள்ளங்கை அளவுக்கு நீர் கசியும் புண்ணாகப் பரவிவிடும். மேலே முடி ஒட்டிக்கொண்டு மூடியிருப்பதால் நாற்றம் வரும்வரை யாருக்கும் தெரியாது. அதன் மேல் மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்துப் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல் ஆகிவிடும். சுற்றியுள்ள முடியை நீக்கிக் காற்றோட்டம் கொடுத்து, நாய் நக்காமல் பார்த்துக்கொண்டு, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காதின் உள்வழி நேராகப் போகாமல் ‘ட’ எழுத்துப்போல் கீழிறங்கித் திரும்பும். பட்ஸ் போட்டால் அழுக்கு அந்தத் திருப்பத்துக்குள் இன்னும் தள்ளப்படும். மருந்துக்கடையில் கிடைக்கும் நாய்களுக்கான காது கழுவும் திரவத்தைக் காது நிறைய விட்டு, காதின் அடியில் விரலால் அரை நிமிடம் பிசைந்துவிட்டால் சளசளவென்று சத்தம் கேட்கும். பிறகு நாயே தலையை உதறி அழுக்கை மேலே கொண்டுவரும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பஞ்சால் துடையுங்கள். காதுமடல் தொங்கும் லாப்ரடார், காக்கர் ஸ்பானியல் நாய்களுக்கு ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் இது தேவை. நிமிர்ந்த காதுள்ள நாட்டு நாய்க்கு அழுக்கு தெரிந்தால் மட்டும் போதும். காதுக்குள் சிவந்து, காப்பித்தூள் போன்ற அழுக்கோ சீழோ வந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தால் வீட்டில் எதையும் ஊற்றாதீர்கள். செவிப்பறை ஓட்டையாகியிருந்தால் ஊற்றியது நடுக்காதுக்குப் போகும். காதை உதறிக்கொண்டே இருக்கும் நாயைக் கவனிக்காமல் விட்டால் மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து, மடல் பணியாரம்போல் உப்பிவிடும்.

நகத்தைப் பற்றிக் கொஞ்சம். டைல்ஸில் நடக்கும்போது டக்டக் என்று சத்தம் கேட்டால் நகம் நீண்டிருக்கிறது. மண்ணில் ஓடும் நாய்க்கு நான்கு விரல் நகமும் தானே தேயும். ஆனால் முன்கால் உட்புறத்தில் உயரத்தில் இருக்கும் ஐந்தாவது நகம் தரையைத் தொடாது, அது சுருண்டு சதைக்குள்ளேயே குத்தும். எந்த நாயாக இருந்தாலும் மாதம் ஒருமுறை அதைப் பார்க்க வேண்டும். வெள்ளை நகத்தில் ரத்தநாளம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்பே நிறுத்துங்கள். கருப்பு நகத்தை மெல்லிய சீவலாக வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டிய முகப்பைப் பாருங்கள். நடுவில் ஈரமான கருப்புப் புள்ளி தெரிந்ததும் நிறுத்த வேண்டும். மனிதர்களின் நகவெட்டி உருண்டையான நாய் நகத்தைப் பிளந்துவிடும். ரத்தம் வந்துவிட்டால் பதற வேண்டாம். சோளமாவை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

இப்போது உண்ணி. நம் நாய்களில் பெரும்பாலும் காணப்படுவது பழுப்பு நிற நாய் உண்ணி. இது தன் வாழ்நாளில் மூன்று முறை நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்து, மூன்று முறையும் கீழே இறங்கிவிடும். மற்ற நேரமெல்லாம் சுவர் விரிசல், கதவு நிலையின் இடுக்கு, நாய்க்கூண்டின் மூலை, மிதியடியின் அடி ஆகிய இடங்களில் இருக்கும். வயிறு புடைத்த பெண் உண்ணி ஒன்று இறங்கிப்போய் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாப்பாடு இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். நாய் மேல் நாம் பார்க்கும் பத்து உண்ணி, வீட்டில் இருக்கும் கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான். வாயைத் தோலுக்குள் பதித்து, ஒரு பசையால் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணி ஒரு குளியல் நேரத்தில் மூச்சுத்திணறிச் சாகாது, தேய்த்தாலும் போகாது. அப்படியே அன்றைக்குச் செத்தாலும், நாளை சுவரிலிருந்து புதியவை ஏறும்.

குளிப்பாட்டியும் போகவில்லை என்றதும் ஆரம்பிக்கும் வைத்தியங்கள்தான் கவலை தருகின்றன. மண்ணெண்ணெய் தோலை வேகவைக்கும். நக்கினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும். சொறிக்குப் பூசும் வண்டியின் கழிவு ஆயில் முழு விஷம். பினாயில் ஊற்றிய தண்ணீரும் அப்படியே. மாட்டுக்கொட்டகைக்கு அடிக்கும் உண்ணி மருந்தை மூடி அளவில் வாளியில் ஊற்றுவது எல்லாவற்றையும்விட அதிகமாக நடக்கிறது. அளவு மிஞ்சினால் நாய் ஜொள்ளு வடித்து, நடுங்கி, வலிப்பு வந்து விழும். குட்டிகளுக்கும் சின்ன நாய்களுக்கும் இது இன்னும் விரைவில் நடக்கும். மருந்து பட்டு நடுக்கம் தொடங்கியதைப் பார்த்தால், நாய் நினைவோடு இருக்கும்பட்சத்தில், பாத்திரம் கழுவும் திரவத்தால் வெதுவெதுப்பான நீரில் உடனே கழுவி, துண்டில் சுற்றி, மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். நாய்களுக்கான பெர்மெத்ரின் சொட்டு மருந்து பூனையைக் கொன்றுவிடும் என்பதையும் இரண்டும் வளர்க்கும் வீடுகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமிட்ராஸ் என்ற மருந்தை மருத்துவர்களே குளியலுக்கு எழுதித் தருவதுண்டு. ஒரு லிட்டருக்கு எத்தனை மில்லி என்பதை அவர்தான் எழுத வேண்டும், நாம் அளப்பது ஊசிக்குழலால் இருக்க வேண்டும். கலந்த உடனே பயன்படுத்த வேண்டும். மிச்சத்தை வைத்து அடுத்த வாரம் ஊற்றக் கூடாது. கையுறை அவசியம். உலரும்வரை நாய் நக்கக் கூடாது. நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கும், சர்க்கரை நோய் உள்ள நாய்க்கும், சிவாவா இனத்துக்கும் இது ஆகாது.

கழுத்தின் பின்புறம் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தை வாங்குகிறவர்களும் குளியலால்தான் அதை வீணாக்குகிறார்கள். அந்த மருந்து தோலின் எண்ணெய்ப்பசையில் கலந்து உடம்பெங்கும் பரவி, சுமார் ஒரு மாதம் வேலை செய்வது. ஷாம்பூ போட்டு எண்ணெய்ப்பசையை நீக்கிய அன்றைக்கே விட்டால் பரவ வழியிருக்காது. விட்ட மறுநாள் குளிப்பாட்டினால் கழுவிக்கொண்டு போகும். முன்னும் பின்னும் 48 மணி நேரம் குளியல் கூடாது. முடியைப் பிரித்துத் தோலில் படும்படி விட வேண்டும், முடி மேல் விட்டுப் பயனில்லை. குளியலோடு சம்பந்தமே இல்லாதவை உள்ளே கொடுக்கும் மாத்திரைகள். அஃபாக்சோலேனர் மாதம் ஒன்று, ஃப்ளூரலேனர் சுமார் மூன்று மாதத்துக்கு ஒன்று. விலை கூடுதல்தான். வலிப்பு வந்த நாய் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

எந்த மருந்தானாலும் விடாமல் மூன்று நான்கு மாதம் தொடர்ந்தால்தான் சுவரில் இருக்கும் கூட்டம் ஒவ்வொன்றாக ஏறிச் சாகும். அதோடு நாயின் படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, சுவர் விரிசல்களைச் சிமென்ட் பூசி அடைத்துவிட வேண்டும். கண்ணில் படும் உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஊதுபத்தியால் சுடுவதும் விரலால் நசுக்குவதும் வேண்டாம். காதுமடலின் உட்புறம், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி, வாலடி என்று தினமும் ஐந்து நிமிடம் தடவிப் பார்ப்பது எந்தக் குளியலையும்விட மேல். உண்ணி பரப்பும் எர்லிக்கியா, பேபிசியா நோய்களை ஆரம்பத்தில் பிடித்தால் குணப்படுத்தலாம். சாப்பாட்டைத் தொடாமல் படுத்திருப்பது, மூக்கில் ரத்தம், ஈறு வெளுப்பது, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் குளிப்பாட்டிப் பார்க்கலாம் என்று ஒரு நாளைக்கூடக் கடத்தக் கூடாது.

இதில் உங்கள் நாளிதழ் மூலம் ஒரு கோரிக்கை. உண்ணி மருந்துப் புட்டிகளிலும் மருந்து ஷாம்பூக்களிலும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. வாங்குகிறவர்களில் பலர் கடைக்காரர் வாயால் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போகிறவர்கள். கால்நடை பராமரிப்புத் துறை ஒரு பக்கத் துண்டுச்சீட்டைத் தமிழில் அச்சிட்டு, அரசு கால்நடை மருந்தகங்களிலும் செல்லப்பிராணிப் பொருள் கடைகளிலும் கொடுக்கச் செய்ய வேண்டும். எந்த வயதுக்குக் கீழ் கூடாது, எத்தனை கிலோவுக்கு எத்தனை மில்லி, ஷாம்பூ என்றால் எத்தனை நிமிடம் ஊறவிட வேண்டும், நக்கிவிட்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன, பூனை இருக்கும் வீட்டில் எது ஆகாது என்ற ஐந்து விவரங்கள் அதில் இருந்தால் போதும். குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து கலந்த ஷாம்பூவைப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும் என்று தெரியாமல், போட்ட கையோடு அலசிவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்று சொல்பவர்களே நிறையப் பேர். கோடைக் குறிப்புகளை அடுத்த முறை வெளியிடும்போது அந்தப் பத்து நிமிடத்தையும், சொட்டு மருந்துக்கான 48 மணி நேரத்தையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாய் வளர்ப்பில் அக்கறையுள்ள வாசகர்,
விருதுநகர் மாவட்டம்